கோண்டாவில் பழைய வீடு: முன் சுவரில பெயின்ற் பொருக்குப் பொருக்காய் கழருது, திருவிழாவுக்கு முதல் என்ன செய்யலாம்?

கோண்டாவில் மகள் | மாசி 9

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், தெரிஞ்ச ஆக்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருக்கிற எங்கட வீட்டின்ர முன்பக்கம் அப்பப்பா கட்டினது. விறாந்தை, ஹோல், ரெண்டு அறை. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், சுவர் ஒண்டரை அடி மொத்தம். பின்பக்கம் குசினி, சாமியறை, பாத்றூம், மேல ஒரு அறை எல்லாம் 2012 இல சீமெந்துக் கல்லில கட்டினது. மூண்டு வருஷத்துக்கு முதல், தங்கச்சியின்ர கலியாணத்துக்கெண்டு முழு வீட்டையும் ஒரு கொந்தறாத்துக்காரரிட்டக் குடுத்துப் பெயின்ற் அடிச்சனாங்கள். அவர் முன் சுவரில இருந்த பழைய சுண்ணாம்பை எல்லாம் சுரண்டி, கீழ மூண்டடிக்குச் சீமெந்தால பூசி, அதுக்கு மேல பட்டி பாத்து சீலர் அடிச்சு எமல்ஷன் ரெண்டு கோட் அடிச்சவர். கலியாணப் படத்தில பாத்தால் வீடு அவ்வளவு வடிவு. அந்த மாரி முடிஞ்சு தை பிறக்க முதலே கொப்பளிக்கத் தொடங்கீட்டுது. ஒருக்கா சுரண்டித் திருப்பி அடிச்சம், ஆறு மாசம்தான் தாங்கினது. இப்ப கையை வைச்சால் கையோட வருது, உள்ளுக்கை வெள்ளை மா மாதிரி.

இப்ப வந்து பாத்த வேறொரு பெயின்றர் சொல்லுறார் வோட்டர் புரூப் ஒண்டு அடிச்சு நாலடிக்கு ரைல்ஸ் ஒட்டினால் சோலி முடிஞ்சுது எண்டு. அம்மாவுக்கும் அதுதான் விருப்பம். அண்ணா ஆக்கள் சுவிஸில இருந்து நல்லூர்க் கோயில் கொடியேத்தத்துக்கு வருகினம், எட்டு வருஷத்துக்குப் பிறகு வாறார், அப்பா போனதுக்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் படியில இப்பதான் கால் வைக்கப்போறார். வீடு வடிவா இருக்கோணும். ரைல்ஸ் ஒட்டலாமோ? காசைத் திருப்பித் திருப்பிச் சுவரில கரைக்க ஏலாமக் கிடக்கு.

பிறஷ்காரன் | மாசி 9

அக்கா, நான் சுன்னாகம் பக்கம் 22 வருஷமா இந்த வேலைதான் செய்யிறன். ரைல்ஸுக்கு ஓம் சொல்ல முதல் சில கேள்வி.

வெளிநிலம் உள்தரையை விட உயரமோ? பீலித் தண்ணி எங்க விழுது? சுவரோட அணைச்சுப் பூச்சாடி வைச்சிருக்கிறியளோ? உள்ளயும் வெளியயும் ஒரே உயரத்திலயோ கழருது? வெள்ளை மா எண்டு சொன்னபடியால் அது உப்பு. கறுப்பா இருந்தால் பூஞ்சணம், அதுக்கு வைத்தியம் வேற.

இண்டைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கோ. ரெண்டடிக்கு ரெண்டடி பொலித்தீன் வெட்டி, பொருக்குக் கழண்ட இடத்தில நாலு கரையும் காத்துப் போகாம ரேப்பால ஒட்டுங்கோ. நாளைக்குப் பின்னேரம் கழட்டிப் பாருங்கோ. சுவர்ப்பக்கம் தண்ணி வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது, எந்தக் கொம்பனிப் பெயின்ற் அடிச்சாலும் நிக்காது.

கோண்டாவில் மகள் | மாசி 11

தம்பி, செய்து பாத்தன். பொலித்தீன் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணி.

நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் வீட்டைச் சுத்தி நடந்து பாத்தன், பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுது. ஒழுங்கைக்குத் தார்க் காப்பற் போடேக்க றோட் அரை அடி உயர்ந்திட்டுது, மழை வந்தால் வெள்ளம் எங்கட வளவுக்குள்ளதான் இறங்கும். அதுக்கெண்டு நாங்களும் முத்தத்துக்கு ஆறேழு லோட் மண் பறிச்சம், இப்ப முத்தம் விறாந்தைத் தரையோட கிட்டத்தட்ட ஒரே மட்டம். அப்பா இருக்கேக்க மூண்டு படி ஏறித்தான் விறாந்தைக்கு வருவம், இப்ப ஒரு படிதான் தெரியுது, ரெண்டு படியை மண்ணுக்குள்ள தாட்டிப்போட்டம். பீலித் தண்ணி முன் மூலையில சுவரோட விழுது. குறோட்டன் சாடி எட்டு, எல்லாம் சுவரோட.

சுண்ணாம்புக்கல் | மாசி 11

பிள்ளை, உங்கட படிக் கதையிலயே விடை கிடக்கு. நான் கட்டிட வேலையில மேற்பார்வை பாத்து ஓய்வெடுத்த ஆள். உதை விபரமாச் சொல்லவேணும், ஏனெண்டால் கந்தர்மடம், நல்லூர், கொக்குவில், வண்ணார்பண்ணை எல்லா இடத்திலயும் பழைய வீடுகளுக்கு இதே பிழையைத்தான் இப்ப செய்துகொண்டிருக்கினம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கினது 1950 இல. அதுக்கு முந்தி இஞ்ச கட்டின கல்வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்பில நிக்கிற வீடுகள். எங்கட மண்ணுக்குக் கீழ கிடக்கிறது சுண்ணக்கல்லு, அது தண்ணியை உறிஞ்சிற கல்லு. அந்தக் காலத்து அத்திவாரத்துக்கு ஈரம் மறிக்கிற தார்ப் படை கிடையாது. நிலத்து ஈரம் விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரிச் சுவரில ஏறும், மூண்டு நாலடி மட்டும் ஏறும். ஏறினால் என்ன, சுண்ணாம்புப் பூச்சு அதை வெளிய விட்டிடும். பகல் வெயிலில காயும், ராவில கொஞ்சம் ஏறும், திரும்பக் காயும். உங்கட அப்பப்பா வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிச்சவர் எல்லோ? அந்த வெள்ளை உதிர்ந்தால் தூளா உதிரும், கூட்டிப்போட்டுத் திரும்ப அடிப்பினம். உப்பும் அந்தத் தூளோட போயிடும்.

கொந்தறாத்துக்காரர் செய்தது என்னெண்டால் அந்தச் சுவரின்ர மூக்கைப் பொத்தினது. சீமெந்துப் பூச்சு இறுக்கம், அதுக்கு மேல பட்டி, சீலர், பிளாஸ்ரிக் மாதிரி எமல்ஷன். தண்ணி வெளிய வர வழியில்லை. கல்லுக்குள்ள இருக்கிற உப்பு, நீங்கள் பறிச்ச மண்ணில இருக்கிற உப்பு எல்லாம் அந்தத் தண்ணியில கரைஞ்சு வந்து பெயின்றுக்குப் பின்னால பளிங்காய் உறையுது. உறையேக்க அது பருக்கும், பருத்துப் பெயின்றைத் தள்ளும்.

ரைல்ஸ் ஒட்டினால் இந்தப் பொத்தல் இன்னும் இறுகும். ஈரம் நாலடியில நிக்கிறதுக்கு மாறா அஞ்சடி, ஆறடி ஏறி யன்னல் நிலைக்குப் போகும். மரநிலை உக்கத் தொடங்கினால் பேந்து செலவு பெயின்ற்ச் செலவு இல்லை. தயவு செய்து ஒட்டாதேங்கோ.

அரியாலை வெளிச்சம் | மாசி 12

ஐயா சொல்லுறதை முழுக்க ஏற்க ஏலாமக் கிடக்கு. எங்கட வீட்டில விறாந்தைக்கு மூண்டடி ரைல்ஸ் ஒட்டிப் பத்து வருஷம், ஒரு குறையும் இல்லை. பிள்ளையள் கால் வைச்சுத் தேய்ச்சாலும் துடைச்சால் போயிடும். வேலைக்குப் போற ஆக்களுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சுக்கொண்டிருக்க நேரம் எங்க இருக்கு? அந்தக் காலத்தில வீட்டில பத்துப்பேர் இருந்தவை.

சுண்ணாம்புக்கல் | மாசி 12

தம்பி, உங்கட வீடு எந்த ஆண்டு கட்டினது, கல்லோ சீமெந்துக் கல்லோ?

அரியாலை வெளிச்சம் | மாசி 12

1998, சீமெந்துக் கல்லு. அத்திவாரத்துக்கு மேல கொங்கிறீற் போட்டுத் தார் பூசினது.

சுண்ணாம்புக்கல் | மாசி 12

அப்ப உங்கட சுவருக்குக் கீழ இருந்து தண்ணி ஏற வழியில்லை. உங்களுக்கு ரைல்ஸ் சரி. பிள்ளையின்ர முன் சுவருக்குச் சரிவராது. அவவின்ர பின்பக்கத்துக்கு வேணுமெண்டால் ஒட்டலாம். ஒரே வளவுக்குள்ள ரெண்டு சாதிச் சுவர் நிக்குது, ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுக்க ஏலாது.

கரையோரம் | மாசி 13

குருநகர்ப் பக்கத்தில இருந்து எழுதுறன். ஐயா சொன்னது எங்கட மாமி வீட்டில அப்படியே நடந்தது. கடலுக்குக் கிட்ட, பழைய கல்வீடு. நாலடிக்கு ரைல்ஸ் ஒட்டினவை, ரெண்டாம் வருஷம் ரைல்ஸுக்கு மேல ஒரு கோடு கீறின மாதிரி உப்புப் பூத்து அதுக்கு மேல பெயின்ற் கழண்டுது, பேந்து ரைல்ஸும் ஒவ்வொண்டாய்ச் சுவரை விட்டு விலகித் தட்டினால் டொங்கு டொங்கெண்டு வெறுஞ்சத்தம். எல்லாத்தையும் உடைச்சு எடுத்தம்.

இன்னொண்டு, கரையோரத்து ஆக்கள் எல்லாரும் கவனிக்கவேண்டியது. பெயின்றுக்குத் தண்ணி கலக்கேக்கயும் பூச்சுக்கும் உவர்க்கிணத்துத் தண்ணியை எடுக்காதேங்கோ. நாங்களே உப்பைக் கொண்டுபோய்ச் சுவருக்குள்ள வைக்கிற வேலை அது. நல்ல தண்ணி நாலு கான் கொண்டுவந்து வைச்சிட்டு வேலையைத் தொடங்குங்கோ. கடற்கரை மண்ணும் அப்படித்தான், கழுவாமல் பூச்சுக்குப் போட்டால் அந்த வீட்டுக்கு வாழ்நாள் முழுக்க உப்பு.

றைன் கரை | மாசி 14

ஜேர்மனியில 26 வருஷமாப் பெயின்ற் வேலை செய்யிறன், சொந்த இடம் உரும்பிராய். இஞ்ச பழைய கட்டிடங்களில நாங்கள் எமல்ஷனைக் கிட்டவும் கொண்டுபோக மாட்டம். சுண்ணாம்பு, இல்லாட்டில் சிலிக்கேற் பெயின்ற். ரெண்டும் சுவரை மூச்சு விட விடும். சிலிக்கேற் பெயின்றை ஒருக்காலும் பழைய எமல்ஷனுக்கு மேல அடிக்க ஏலாது, அது கல்லோட, சாந்தோட ஒட்டிப்பிடிக்கிற சாமான். சுண்ணாம்பும் அப்படித்தான். அதாலை தங்கச்சி, எந்த வழி போனாலும் முதல் வேலை அந்தச் சீமெந்துப் பூச்சையும் எமல்ஷனையும் முழுக்கக் கழட்டுறது. ஈரக்கோடு தெரியிற இடத்துக்கு மேல இன்னும் ஒரு அடி கூடக் கழட்டுங்கோ.

கழட்டின பிறகு அவசரப்படாதேங்கோ. ஒண்டரை அடிச் சுவர் காய மாசக்கணக்கு வேணும். மாசியில கழட்டினால் ஆடி மட்டும் வெயில் கிடைக்கும், அது உங்கட அதிஷ்டம். உப்புப் பூக்கப் பூக்கக் காய்ஞ்ச பிறஷால தட்டி எடுத்துக் குப்பையில போடுங்கோ. தண்ணி விட்டுக் கழுவ வேண்டாம், கழுவினால் உப்புக் கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ள போகும்.

கோண்டாவில் மகள் | மாசி 14

அண்ணை, ஆடி மட்டும் சுவரை உரிச்சபடி வைச்சிருக்கோணுமோ? அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது. ஊரே பாக்கும் எண்டு அவ இப்பவே கவலைப்படுறா.

திரும்பிவந்தனாங்கள் | மாசி 15

தங்கச்சி, அம்மாவுக்கு என்ர கதையைச் சொல்லுங்கோ. நாங்கள் வலிகாமம் வடக்கு. 1990 இல சண்டைக்கு வீட்டை விட்டிட்டு வெளிக்கிட்டம், ஆமியிட்ட இருந்த காணி விடுபட்டுப் போய்ப் பாக்கேக்க கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை, ஹோலுக்குள்ள வேம்பு வளர்ந்து நிக்குது. ஆனால் சுவர் நிண்டது. அய்யா கட்டின சுவர் அப்படியே நிண்டது. அந்தச் சந்தோசத்தில அவசரம் அவசரமாக் கூரையைப் போட்டு மூண்டு மாசத்தில பூசிப் பெயின்ற் அடிச்சுப் பால் காய்ச்சினம். இருபத்தைஞ்சு வருஷத்துக்கு மேல மழை குடிச்ச சுவர் அது. முதல் மாரியோடயே உள் பெயின்ற் எல்லாம் தோல் மாதிரி உரிஞ்சு தொங்கிச்சு. நான் அந்தச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுதனான்.

பேந்து எல்லாத்தையும் கழட்டி, ஒரு வருஷம் வெறும் சுண்ணாம்பு மட்டும் அடிச்சுக்கொண்டு அதுக்குள்ளயே இருந்தம். காஞ்ச பிறகுதான் மிச்சம். இப்ப ஆறு வருஷம், ஒண்டும் இல்லை. காயாத சுவருக்கு வடிவு காட்ட வெளிக்கிட்டு நான் பட்டது போதும், நீங்கள் படாதேங்கோ.

பிறஷ்காரன் | மாசி 15

அக்கா, முன்பக்கத்தை ஐயா சொன்னபடி விடுங்கோ. நீங்கள் கொடியேத்தத்துக்கு வடிவாக்கக் கூடியது பின்பக்கமும் உள்பக்கமும் மதிலும். அதைப் பற்றி நான் சொல்லுறன்.

பின்பக்கம் சீமெந்துக் கல்லெண்டால் தூணும் கல்லும் சேருற இடத்தில நேரா மயிர்வெடிப்பு இருக்கும். பட்டியை அதுக்கு மேல இழுத்துவிட்டால் வெயிலுக்குத் திரும்ப வெடிக்கும். வெடிப்பை ஆங்கில V எழுத்து மாதிரிக் கீறி, தூசு தட்டி, இழுபடக்கூடிய ஃபில்லர் (வெடிப்பை நிரப்புற பசை) வைச்சு, நெற் (வலை) ஒட்டி அதுக்கு மேல பட்டி பாக்கோணும். வாடைப்பக்கச் சுவர் கறுத்துப் பாசி பிடிச்சிருக்கும், எங்கட மாரி மழை வடகிழக்கில இருந்து அடிக்கிறபடியால் அந்தப் பக்கம்தான் கூட நனையும். கிணத்துக்குப் போடுற குளோரின் தண்ணியில கரைச்சு அடிச்சு, கால் மணித்தியாலம் விட்டு, பிறஷால உரஞ்சிக் கழுவிக் காயவிடுங்கோ. அதோட ரொய்லற் கழுவுற அசிட்டைக் கலந்திடாதேங்கோ, நஞ்சு வாயு கிளம்பும். ஒரு வீட்டில கண்ணால கண்டனான், பெடியன் மயங்கி விழுந்தவன்.

சாமியறைக்கு எல்லாரும் பிழை விடுறவை. விளக்கெண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் சுவரில எண்ணெய்ப் படையா நிக்கும், அதுக்கு மேல வோட்டர் பேஸ் அடிச்சால் பிடிக்காது, பிடிச்சாலும் மஞ்சள் ஊறி வெளிய வரும். சவர்க்காரத்தூள் போட்ட சுடுதண்ணியால ரெண்டுதரம் துடைச்சு, காஞ்ச பிறகு கறை மறிக்கிற ஓயில் பேஸ் பிறைமர் ஒரு கோட். விறகு அடுப்பிருந்த குசினிக்கும் இதுதான்.

செம்மண் இடம் எண்டபடியால் வெளிச்சுவரில ரெண்டடிக்கு மழைத்தெறிப்பு சிவப்பா நிக்கும். வெள்ளை அடிச்ச எல்லாரும் முதல் மழையோட துக்கப்படுகினம். சுவரைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்குச் சல்லி பரவிவிடுங்கோ, அரைவாசித் தெறிப்பு குறையும். சுவரின்ர அடி ஒண்டரை அடிக்குக் காவிநிறம் அடிக்கிறது சும்மா பழக்கத்துக்கில்லை, செம்மண் அதில தெரியாது.

கோண்டாவில் மகள் | மாசி 16

தம்பி, எவ்வளவு பெயின்ற் வேணும் எண்டு கணக்குப் பாக்கிறது எப்படி? போனமுறை கொந்தறாத்துக்காரர் வாளி வாளியா எடுத்தவர், எங்களுக்கு விளங்கேல்லை.

பிறஷ்காரன் | மாசி 16

சுவரின்ர நீளத்தை உயரத்தால பெருக்கி யன்னல் கதவைக் கழியுங்கோ. நல்ல மட்டமான சுவரில ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்குக் கிட்டத்தட்ட 100 சதுர அடி போகும், சொரசொரப்பான வெளிச்சுவரில 80 எண்டு வையுங்கோ. உங்கட பின்பக்கம் வெளியால 1,200 சதுர அடி வந்தால் ஒரு கோட்டுக்கு 15 லீற்றர், ரெண்டு கோட்டுக்கு 30. சீலர் தனி.

சாமானை நீங்களே வாங்குங்கோ. சீல் உடைக்காத ரின்னோ எண்டு பாத்து, ஒரே பட்ச் இலக்கமா எடுங்கோ. மிசினில கலர் கலக்கினால் அந்தக் கோட் இலக்கத்தை மூடியில எழுதி, மிச்சத்தை நிழலில வையுங்கோ. தண்ணி எவ்வளவு கலக்கலாம் எண்டு ரின்னிலயே போட்டிருக்கும், அதை மீறிக் கலக்கிறவனை வேலையை விட்டு நிப்பாட்டலாம். சம்பளம் நாளுக்குப் பேசினால் பட்டி பாக்கிற வேலை ஒழுங்கா நடக்கும், சதுர அடிக்குப் பேசினால் கெதியா முடிப்பினம். நான் வேலைக்காரன், எனக்கே அது தெரியும்.

அடிக்கிற நேரம் வெயிலுக்குப் பின்னால போகோணும். காலமை மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். கொதிக்கிற சுவரில அடிச்சால் றோலர்க் கோடு கோடாத் தெரியும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து தூக்கிற புழுதி இருக்கே, அடிக்க முதல் முத்தத்துக்குத் தண்ணி தெளிச்சிட்டுத் தொடங்குங்கோ.

றைன் கரை | மாசி 17

ரெண்டு விசயம் சேர்க்கிறன், உயிரோட சம்பந்தப்பட்டது. பழைய கதவு யன்னலில படை படையா இனாமல் பெயின்ற் இருக்கும். அந்தக் காலத்துப் பெயின்றில ஈயம் இருக்கலாம். இலங்கையில 2013 இல இருந்துதான் அதுக்குச் சட்ட வரம்பு வந்தது. அதைக் காய்ஞ்சபடி உரஞ்சாதேங்கோ, தூசு பிள்ளையளுக்கு நஞ்சு. தண்ணி தொட்டு உரஞ்சுங்கோ, பொருக்கைக் கூட்டிக் கட்டி எறியுங்கோ. மற்றது அஸ்பெஸ்ரஸ் சீற்று. பின் தாவாரத்துக்கு அது போட்டிருந்தால் கம்பிப் பிறஷ் போடவே விடாதேங்கோ, தூசு நுரையீரலுக்குள்ள போனால் திரும்பாது.

கோண்டாவில் மகள் | வைகாசி 20

மூண்டு மாசத்துக்குப் பிறகு வாறன், எல்லாருக்கும் நன்றி.

முதல் வேலையா மண்ணை வெட்டினம். சுவரோட மூண்டடி அகலத்துக்கு வெட்ட அப்பாவின்ர ரெண்டு படியும் வெளிய வந்தது. நடுப்படியில நாங்கள் சின்னனில கீறின கிளித்தட்டுக் கோடு இன்னும் கிடக்கு, அம்மா அதில இருந்து அழுதுபோட்டா. அதுக்குப் பிறகு அவ ரைல்ஸ் எண்ட கதையை எடுக்கவே இல்லை. வெட்டின இடத்தில சல்லி போட்டு, பீலிக்குக் குழாய் பூட்டித் தண்ணியைத் தென்னையடிக்குக் கொண்டுபோனம். வாசலில கேற்றுக்குக் குறுக்கால ஒரு சின்னக் கொங்கிறீற் மேடு கட்டினபடியால் றோட்டுத் தண்ணி இப்ப உள்ள வாறேல்லை.

சீமெந்தை உளியால கழட்டேக்க உள்ள கல்லு பச்சையாய் நனைஞ்சிருந்தது, மூண்டு வருஷமாப் பொத்தி வைச்ச தண்ணி. சித்திரையில ரெண்டு நாள் மழை பெய்ய நான் பயந்து போனன், ஆனால் கீழ இருந்து ஏறேல்லை. உப்பு வாளிக்கணக்கில தட்டி எடுத்தம். போன கிழமை பொலித்தீன் ஒட்டிப் பாத்தன், ஓரத்தில மட்டும் லேசா வேர்வை.

சுண்ணாம்புப் பூச்சுத் தெரிஞ்ச மேசன் தேடினதுதான் பெரிய கரைச்சல். இளம் மேசன்மாருக்கு அது தெரியாது, சீமெந்து கொஞ்சம் சேர்ப்பம் அக்கா எண்டு நிக்கினம். கடைசியில பக்கத்து ஒழுங்கையில எழுபது தாண்டின ஒரு ஐயா, கை நடுங்குது, தான் பூச ஏலாது, ஆனால் பக்கத்தில இருந்து சொல்லித்தாறன் எண்டு ஒத்துக்கொண்டார்.

சுண்ணாம்புக்கல் | வைகாசி 20

பிள்ளை, அந்த ஐயாவைக் கவனமாப் பாருங்கோ, அவர் கையில இருக்கிற வேலை கடையில வாங்க ஏலாது. சுண்ணாம்பு நீத்தேக்க, அதாவது சுட்ட சுண்ணாம்புக்குத் தண்ணி விடேக்க, கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ. அலுமினியச் சட்டி கூடாது. நீத்த களி தண்ணிக்குக் கீழ எவ்வளவு நாள் கிடக்குதோ அவ்வளவுக்கு நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூண்டு பங்கு உப்பில்லாத மண். ஒரே படையா மொத்தமாப் பூசாமல் ரெண்டு படையாப் பூசி, சோளகம் பட்டு வெடிக்காமல் நனைஞ்ச சாக்குக் கட்டி ஒரு கிழமை வையுங்கோ.

வெள்ளை அடிக்கேக்க பால் பதம். சுவரை நனைச்சிட்டு அடிக்கோணும். அடிச்ச உடனை ஒண்டும் தெரியாது, தண்ணி மாதிரி இருக்கும், பயந்துபோய் மொத்தமா அடிச்சிடாதேங்கோ. காயக் காயக் காத்தில இருக்கிற கரியமிலவாயுவை எடுத்துத் திரும்பக் கல்லாகும், அப்பதான் வெள்ளை எழும்பும். நாளுக்கு ஒண்டா நாலு தரம்.

கோண்டாவில் மகள் | ஆடி 8

பூச்சு முடிஞ்சு வெள்ளை நாலு தரமும் அடிச்சாச்சு. சுண்ணாம்புக்கல் ஐயா சொன்ன மாதிரி முதல் நாள் ஒண்டும் தெரியேல்லை, அடுத்தநாள் விடிய எழும்பிப் பாக்க முன் சுவர் முழுக்கப் பால் மாதிரி நிக்குது. எமல்ஷன் வெள்ளையில இந்தக் குளிர்மை இல்லை, எனக்கு அதை எப்படி எழுதுறதெண்டு தெரியேல்லை.

அண்ணா போனில சாம்பல் நிறம் அடிக்கச் சொல்லிப் படம் படமா அனுப்பினவர், சுவிஸில இப்ப எல்லாம் அந்த நிறமாம். பிறஷ்காரன் தம்பியிட்டக் கேட்டன், கடுஞ்சாம்பல் மேற்குச் சுவரில அடிச்சால் வெயிலைக் குடிச்சு மேல் அறை அடுப்பாகும், நிறமும் சமனில்லாமல் மங்கும் எண்டார். அண்ணாவுக்குச் சொன்னன், விளங்கிக்கொண்டார். பின்பக்கம் வெளியால இளமஞ்சள், அடிக்குக் காவி. உள்ள எல்லா அறைக்கும் மினுக்கமில்லாத வெள்ளை, குசினிக்கு மட்டும் துடைக்கக்கூடியது.

அரியாலை வெளிச்சம் | ஆடி 9

அக்கா, முன்னால பழைய வெள்ளை, பின்னால மஞ்சள், பொருந்துதோ? நான் முதல் எழுதேக்க எல்லாச் சுவரும் ஒண்டெண்டு நினைச்சுத்தான் எழுதினனான். அம்மம்மா வீடும் கல்வீடு, போன கிழமை போய்ப் பாத்தன், அங்கயும் வெளியால மண் ஏறிக் கிடக்கு. வெட்டப்போறம்.

கோண்டாவில் மகள் | ஆடி 9

பொருந்துது தம்பி. முன் சுவரின்ர அடிப்பக்கத்துக்கும் அதே காவியைச் சுண்ணாம்பில கலந்து ஒரு கரை அடிச்சிருக்கிறம், நல்லூர்க் கோயில் மதில் ஞாபகம் வருது எண்டு அம்மா சொல்லுறா.

கோண்டாவில் மகள் | தை 18

மாரி முடிஞ்சுது, கேட்ட ஆக்களுக்காக எழுதுறன். கார்த்திகையில அஞ்சு நாள் விடாத மழை, முத்தத்தில வெள்ளம் நிண்டது, ஆனால் சல்லியைத் தாண்டி ஏறேல்லை. முன் சுவரில எங்கயும் கொப்பளம் இல்லை. விறாந்தை மூலையில ஒரு அடி உயரத்துக்கு உள்ளங்கை அகலம் வெள்ளை தூளா உதிர்ந்தது, லேசா உப்பும் பூத்தது, காய்ஞ்ச பிறஷால தட்டிப்போட்டுப் பொங்கலுக்கு முதல்நாள் நானே ரெண்டு தரம் சுண்ணாம்பு அடிச்சன், அரை வாளிதான் முடிஞ்சுது. பின்பக்கம் வாடைப்பக்கச் சுவர் பாசி பிடிக்கேல்லை. மேல் அறைத் தூணோரம் ஒரு மயிர்வெடிப்பு திரும்ப வந்திருக்கு, அதில நெற் ஒட்ட விட்டுப்போச்சுதாம், பிறஷ்காரன் தம்பி மாசியில வந்து திறந்து பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

அண்ணா வந்தண்டு படி மூண்டையும் எண்ணி எண்ணி ஏறினவர். சுவரைத் தடவிப் பாத்திட்டு, அப்பப்பான்ர காலத்து வாசம் அடிக்குதெண்டார்.

திரும்பிவந்தனாங்கள் | தை 18

தங்கச்சி, சுண்ணாம்புக் களி மிச்சம் இருந்தால் மூடித் தண்ணிக்குக் கீழ வையுங்கோ, அடுத்த வருஷத்துக்கும் உதவும். பூச்சுச் சொல்லித்தந்த அந்த ஐயா இன்னும் ஆக்களுக்குச் சொல்லிக்குடுப்பாரோ? எங்கட பக்கத்தில நாலு வீடு இருக்கு, கேட்டுச் சொல்லுங்கோ.

கோண்டாவில் மகள் | தை 19

கேட்டன் அக்கா. கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டால் வாறன் எண்டார். பூச ரெண்டு இளம் பெடியள் வரட்டாம், கையோட பழக்கிவிடுறாராம். மாசி பிறக்க வெயில் பிடிச்ச பிறகு தொடங்கலாம் எண்டு சொல்லச் சொன்னவர்.